கம்பியில்லா வலையின் கடிவாளம்

இரயிலில் பயணம் செய்த எவரும் இந்தக் காட்சியைக் கண்டிருப்பர். நாம் ஏறியுள்ள வண்டி ஏதோ ஒரு சிறு நிலையத்தில் ஒதுங்கி நிற்கும். பின்னால் வந்த விரைவு வண்டி ஒன்று நம்மைக் கடந்து பாய்ந்து செல்லும். அதன் பிறகே நமக்கு வழி கிடைக்கும். எந்த வண்டி நிற்க வேண்டும், எந்த வண்டி முந்த வேண்டும் என்று தீர்மானிப்பவர் யார்? அச்சிறு நிலையத்தின் அதிகாரி அல்லர். தொலைவில், கோட்டத் தலைமையிடத்தில் அமர்ந்து, நீண்ட பாதையையும் அதில் ஓடும் வண்டிகள் அனைத்தையும் ஒருங்கே கண்காணித்துக் கொண்டிருக்கும் கட்டுப்பாட்டு அதிகாரியே அதைத் தீர்மானிக்கிறார். ஆயினும், முன்னுள்ள பாதை காலியாக இருக்கிறது என்று அடுத்த நிலையத்துடன் கலந்து உறுதி செய்துகொண்டு, கைகாட்டியை இயக்கும் பொறுப்பு அந்நிலைய அதிகாரியிடமே இருக்கிறது. கட்டுப்பாட்டு அறையுடன் தொடர்பு அறுந்துவிட்டால் வண்டிகள் தாமதமாகும். ஆனால் அக்காரணத்தால் அவை ஒன்றோடொன்று மோதிக்கொள்ள மாட்டா.

இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள் இரயிலைப் பற்றியதன்று. நம் கைப்பேசிகளுக்குக் காற்றின் வழியே செய்தியைக் கொண்டு சேர்க்கும் கம்பியில்லா வலையமைப்பைப் பற்றியது. ஆயினும் இரண்டிலும் எழும் கேள்வி ஒன்றே. தீர்மானிக்கும் அறிவு எங்கே இருக்க வேண்டும்? ஒவ்வொரு நிலையத்திலுமா, அன்றித் தலைமையிடத்திலா? ‘சாப்ட்வேர் டிபைன்ட் நெட்வொர்க்கிங்’ என்று பொறியியலார் வழங்கும் முறை இக்கேள்விக்கு அளிக்கப்பட்ட விடைகளுள் ஒன்று. அதனை மென்பொருளால் ஆளப்படும் வலையமைப்பு என்று நாம் தமிழில் கூறலாம்.

இதன் கருத்தைத் தெளிவாக அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்வது நலம். தொலைபேசி தோன்றிய தொடக்க காலத்தில், இணைப்பகத்தில் அமர்ந்திருந்த பணியாளர் ஒருவர் நாம் கேட்கும் எண்ணைச் செவியுற்று, தம் கையாலேயே இணைப்புக் கொடுத்தார். தீர்மானிக்கும் அறிவு மனிதரிடம் இருந்தது. செய்தியைச் சுமக்கும் வேலை கம்பிக்கு இருந்தது. 1891ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஸ்ட்ரோஜர், பணியாளர் உதவியின்றித் தானே இணைப்புத் தரும் கருவிக்கு உரிமை பெற்றார். நம் நாட்டின் முதல் தானியங்கி இணைப்பகம் 1913–14இல் சிம்லாவில் அமைந்தது. 1960ஆம் ஆண்டில் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே, பணியாளர் உதவியின்றி ஊர்விட்டு ஊர் பேசும் வசதியும் வந்தது. மனிதரிடம் இருந்த அறிவு இவ்வாறு படிப்படியாக யந்திரத்துக்குள் புகுந்தது.

பின்னர்க் கணிப்பொறிகளை இணைக்கும் வலையமைப்புகள் பிறந்தன. அமெரிக்காவில் 1969இல் தொடங்கிய ஆர்ப்பாநெட் இவற்றின் முன்னோடி. இம்முறையில் செய்தியானது சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பொதியின் மீதும் சேரவேண்டிய இடத்தின் முகவரி பொறிக்கப்படுகிறது. வழியிலுள்ள ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு கருவி அம்முகவரியைப் படித்து, அடுத்து எத்திசையில் அனுப்புவது என்று தானே தீர்மானிக்கிறது. அண்டையிலுள்ள கருவிகளுடன் பேசி, எந்த வழி திறந்திருக்கிறது, எது அடைபட்டிருக்கிறது என்பதை அது அறிந்துகொள்ளும். இம்முறையில் பெரியதோர் உறுதி உண்டு. ஒரு சந்திப்பு அழிந்தாலும் மற்றவை தமக்குள் வேறு வழி கண்டுகொள்ளும்.

உறுதி இருந்தது, ஆனால் குறைகளும் இருந்தன. ஒவ்வொரு கருவிக்குள்ளும் இரண்டு வேலைகள் ஒன்றாகப் பிணைந்து கிடந்தன. ஒன்று, பொதியை வாங்கித் தள்ளிவிடும் சுமைவேலை. மற்றொன்று, எங்கே தள்ளுவது என்று எண்ணிப் பார்க்கும் அறிவுவேலை. அறிவுவேலைக்கான கட்டளைத் தொடரை அக்கருவியைச் செய்த நிறுவனமே எழுதி, உள்ளே பூட்டி வைத்தது. ஒரு பல்கலைக்கழக மாணவர் புதியதொரு வழிகாணும் முறையைக் கண்டுபிடித்தால், அதனை உண்மையான வலையமைப்பில் சோதித்துப் பார்க்க இயலாது. அன்றியும், ஒவ்வொரு கருவியும் தன் அண்டையை மட்டுமே கண்டு முடிவு செய்ததால், ஒரு பாதையில் நெரிசலும் மற்றொரு பாதையில் வெறுமையும் ஒரே வேளையில் நிலவின.

இவ்விரண்டு வேலைகளையும் பிரித்துவிட்டால் என்ன என்ற எண்ணம் முற்றிலும் புதியதன்று. தொலைபேசித் துறையில் 1970களிலேயே பேச்சுக்கு ஒரு பாதையும், இணைப்பை ஆளும் குறிப்புகளுக்கு வேறொரு பாதையும் வகுக்கத் தொடங்கிவிட்டனர். கணிப்பொறி வலையமைப்புக்கு அதனைத் தெளிவான வடிவில் கொண்டுவந்தது 2008ஆம் ஆண்டில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக் மெக்கியோனும் அவருடைய தோழர்களும் வெளியிட்ட ‘ஓப்பன்ஃப்ளோ’ என்னும் திட்டம். அதன் சாரம் எளியது. ஒவ்வொரு சந்திப்பிலும் ஓர் அட்டவணை மட்டும் இருக்கும். இத்தகைய பொதி வந்தால் இத்திசையில் அனுப்பு, இத்தகையது வந்தால் நிறுத்து என்று அதில் எழுதியிருக்கும். அட்டவணையை எழுதுவது கட்டுப்பாட்டு மென்பொருள் ஒன்றின் பொறுப்பு. அது தனியே ஒரு கணிப்பொறியில் இருந்துகொண்டு, வலையமைப்பு முழுவதையும் ஒரே வரைபடமாகக் காண்கிறது. எழுதும் முறை யாவர்க்கும் பொதுவானதாக இருந்தமையால், எந்த நிறுவனத்தின் கருவியாயினும் அதற்குக் கட்டளையிட இயலும்.

இதன் பயனுக்கு ஒரு சான்று கூறுவோம். கூகிள் நிறுவனம் உலகின் பல பகுதிகளிலுள்ள தன் கணிப்பொறி நிலையங்களை இணைக்கும் வலையமைப்பில் இம்முறையைக் கையாண்டு, அதன் விவரத்தை 2013இல் வெளியிட்டது. நீண்ட தூரப் பாதைகளைச் சராசரியாக 30 முதல் 40 விழுக்காடு அளவுக்கே பயன்படுத்துவது அதுவரை வழக்கமாக இருந்தது. எஞ்சியது எதிர்பாராத நெரிசலுக்கென ஒதுக்கப்பட்டது. முழு வரைபடத்தையும் கண்டு ஆளும் மென்பொருளின் துணையால், பாதைகளின் சராசரிப் பயன்பாட்டை ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு உயர்த்த முடிந்தது. புதிய கம்பிகளைப் பதிக்காமலே பாதையின் பயன் இருமடங்காயிற்று.

கம்பியில் இவ்வளவு பயன் தந்த முறையைக் கம்பியில்லா வலையமைப்புக்கும் கொண்டுவரலாமே என்று பொறியியலார் எண்ணியது இயல்பு. அதற்கான தேவையும் அங்கே மிகுதி. ஒளியிழை ஒன்றில் செல்லும் செய்தி அடுத்த இழையில் செல்லும் செய்தியைக் கெடுப்பதில்லை. வானமோ அனைவர்க்கும் பொது. ஒரு கோபுரம் உரக்கப் பேசினால் அடுத்த கோபுரத்தின் பேச்சு கெடும். மேலும், செய்தியின் அளவு பெருகப் பெருக, மேன்மேலும் குறுகிய அலைகளை நாட வேண்டியிருக்கிறது. அத்தகைய அலைகளை நம் நாட்டவரான ஜகதீச சந்திர போஸ் 1895ஆம் ஆண்டிலேயே கல்கத்தா நகரில் மக்கள் முன்னிலையில் செய்துகாட்டினார். அவர் கையாண்ட மில்லிமீட்டர் அலைகள் நூறாண்டு கழித்து இன்று கைப்பேசித் துறையில் இடம்பெற்றுள்ளன. ஆனால் குறுகிய அலைகள் நெடுந்தூரம் செல்வதில்லை. சுவரும் மரமும் அவற்றைத் தடுக்கின்றன. ஆகவே கோபுரங்களை நெருக்கமாக நிறுவ வேண்டும். கோபுரங்கள் நெருங்கினால் ஒன்றின் பேச்சு மற்றொன்றின் செவியில் விழும். நெருங்கி வாழ்வோரிடையே உடன்பாடு மிகவும் வேண்டப்படுவது போலவே, நெருங்கி நிற்கும் கோபுரங்களிடையேயும் உடன்பாடு வேண்டப்படுகிறது.

2025ஆம் ஆண்டு ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பிரயாகையில் நிகழ்ந்த மகா கும்பமேளா போன்ற பெருங்கூட்டம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். நீராடும் நாளில் விடியுமுன் மக்கள் வெள்ளம் சங்கமத்தை நோக்கிச் செல்கிறது; நண்பகலில் இரயில் நிலையங்களை நோக்கித் திரும்புகிறது. காலையில் ஆற்றங்கரைக் கோபுரங்கள் திணறும். மாலையில் நிலையத்தருகே உள்ளவை திணறும். ஒவ்வொரு கோபுரமும் தன் தலைச்சுமையை மட்டும் அறியுமானால், அண்டையில் ஓய்ந்திருக்கும் கோபுரத்திடம் சுமையில் ஒரு பகுதியை ஒப்படைக்க அதற்கு வழி தெரியாது. அனைத்தையும் காணும் கட்டுப்பாட்டு மென்பொருளோ, ஒன்றன் ஆற்றலைக் குறைத்து மற்றொன்றன் எல்லையை விரிக்கும். பயணிகள் செல்லும் திசையை உய்த்துணர்ந்து, அவர்கள் அடையவிருக்கும் கோபுரத்துக்கு முன்கூட்டியே பாதையை ஆயத்தம் செய்யும். நள்ளிரவில் வேலையற்ற சில கருவிகளை உறங்கச் செய்து மின்சாரத்தையும் மிச்சப்படுத்தும்.

இம்மாற்றம் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. கைப்பேசி முறைகளுக்கு உலகப் பொது விதிகளை வகுக்கும் அமைப்பு, வலையமைப்பின் மையப் பகுதியில் ஆளும் கருவிகளையும் சுமக்கும் கருவிகளையும் பிரித்து அமைக்கும் விதிகளை 2017இல் வெளியிட்டது. அடுத்த ஆண்டில் வெளிவந்த ஐந்தாம் தலைமுறை விதிகள் இப்பிரிவை அடிப்படையாகவே கொண்டன. 2018இல் தொடங்கப்பெற்ற ‘ஓ-ரான்’ கூட்டமைப்பு, கோபுரத்தின் அருகிலுள்ள வானொலிக் கருவிகளையும் இவ்வாறே திறந்து வைக்க முற்பட்டது. ஐந்தாம் தலைமுறைச் சேவை 2022ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் நம் நாட்டில் தொடங்கிற்று. ஆறாம் தலைமுறை எத்தகையதாக இருக்க வேண்டும் என்னும் பொது வரையறையை உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2023 நவம்பரில் வகுத்தது.

எனவே, அறிவு அனைத்தையும் தலைமையிடத்தில் குவித்துவிடலாமா? இங்கேதான் நாம் நின்று நிதானிக்க வேண்டும். இயற்கையின் விதி ஒன்று குறுக்கே நிற்கிறது. ஒளியிழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. கட்டுப்பாட்டு மென்பொருள் டில்லியில் இருக்கிறது, கோபுரம் கன்னியாகுமரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடையே நேர்க்கோட்டுத் தூரமே 2,000 கிலோமீட்டருக்கு மேல். கோபுரம் ஒரு நிலைமையைக் கூறி, அதற்குரிய கட்டளையைத் திரும்பப் பெறுவதற்குள் குறைந்தது 20 மில்லி விநாடி, அஃதாவது ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழிந்துவிடும். இஃது ஒரு பொருட்டா என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் கோபுரமோ, எந்தக் கைப்பேசிக்கு எந்த அலையைத் தருவது என்று ஒரு மில்லி விநாடிக்கு ஒரு முறையோ, அதனினும் விரைவாகவோ தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் இரயில் ஒன்றில் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று கொள்வோம். அந்த இரயில் ஒரு மில்லி விநாடியில் ஏறத்தாழ மூன்றரை சென்டிமீட்டர் நகர்கிறது. ஐந்தாம் தலைமுறையில் பெரிதும் பயன்படும் அலைவரிசை ஒன்றில் அலையின் நீளமோ எட்டரை சென்டிமீட்டர் அளவே. பல திசைகளிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஓரிடத்தில் ஒன்றுசேர்ந்து வலுப்பெறும். அதற்குச் சில சென்டிமீட்டர் அப்பால் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆகவே 20 மில்லி விநாடி கழித்து வரும் கட்டளை, எழுபது சென்டிமீட்டருக்குப் பின்னால் நாம் இருந்த இடத்துக்குப் பொருத்தமானதாக இருக்குமேயன்றி, இப்பொழுது இருக்கும் இடத்துக்குப் பொருந்தாது. தொலைவிலுள்ள தலைமைக்கு எத்துணை அறிவு இருப்பினும், அந்த அறிவு பழைய செய்தியின் மீது எழுந்ததாகவே இருக்கும்.

ஆதலால் ஓ-ரான் விதிகளை வகுத்தோர் அறிவை மூன்று படிகளாகப் பகிர்ந்தனர். 10 மில்லி விநாடிக்குள் முடிய வேண்டிய தீர்மானங்கள் கோபுரத்தை ஒட்டிய கருவியிடமே விடப்படுகின்றன. 10 மில்லி விநாடி முதல் ஒரு விநாடி வரை பொறுக்கக்கூடியவை, அண்மையிலுள்ள கட்டுப்பாட்டு நிலையத்திடம் செல்கின்றன. எந்தக் கைப்பேசியை எந்தக் கோபுரத்துக்கு மாற்றுவது என்பது போன்றவை இவ்வகை. ஒரு விநாடிக்கு மேல் பொறுக்கக்கூடிய பொதுக் கொள்கைகள் தொலைவிலுள்ள தலைமையிடத்துக்கு உரியவை. கைகாட்டி நிலைய அதிகாரியிடமும், ஓட்டத்தின் ஒழுங்கு கோட்டத் தலைமையிடத்திலும் இருப்பதைப் போன்ற பகிர்வே இது.

விரைவைக் காட்டிலும் முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. ஆட்சி ஓரிடத்தில் குவிந்தால், தவறும் ஓரிடத்திலிருந்து எங்கும் பரவும். கனடா நாட்டில் 2022ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் நிகழ்ந்ததை எண்ணிப் பார்ப்போம். பெரிய தொலைத்தொடர்பு வலையமைப்பு ஒன்றின் மையக் கருவிகளுக்குச் செல்லும் வழிச் செய்திகளை மட்டுப்படுத்தும் வடிகட்டி ஒன்று, மாற்றம் செய்யும் வேலையின் போது தவறாக நீக்கப்பட்டது. அளவுக்கு மீறிய செய்திகளால் மையக் கருவிகள் நிலைகுலைந்தன. ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரு நாளளவும் சேவையின்றித் தவித்தனர். உயிர்காக்கும் அவசர அழைப்புகள் பல செல்லவில்லை. கடைகளில் பணம் செலுத்தும் முறையும் முடங்கிற்று. பழுது நீக்க முற்பட்ட பொறியாளர்கள் கருவிகளை அணுகும் வழியும் அதே வலையமைப்பைச் சார்ந்திருந்தமையால், அவர்களுக்கே கதவு அடைபட்டது. வீடு பற்றி எரியும்போது தண்ணீர்க் குடமும் அவ்வீட்டுக்குள்ளேயே அகப்பட்டுக்கொண்ட நிலை அது.

நம் நாட்டிலும் நாம் மறக்கலாகாத ஒரு நாள் உண்டு. 2019ஆம் ஆண்டு மே 3ஆம் நாள், ஃபானிப் புயல் ஒடிசாவின் பூரி நகருக்கருகே கரையைக் கடந்தது. முன்னெச்சரிக்கை உரிய காலத்தில் சென்றடைந்தமையால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் பாதுகாப்பான இடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். ஆனால் புயலுக்குப் பின் மின்சாரமும் தொலைபேசியும் பூரியிலும் சுற்றுப்புறங்களிலும் பல நாள் செயலிழந்தன. அத்தகைய வேளையில், இடிபாடுகளுக்கிடையே ஒரு கோபுரம் மட்டும் நிமிர்ந்து நின்று, அதற்கு மின்கலமும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தலைமையிடத்துக்குச் செல்லும் ஒளியிழை அறுந்துவிட்டது என்பதற்காக, ஒரே கிராமத்தின் இரண்டு தெருக்களில் உள்ளவர்கள் அக்கோபுரத்தின் வழியே தம்முள் பேசிக்கொள்ளவும் இயலாது என்றால், அந்த அமைப்பை எவ்வாறு அறிவுடையது என்று நாம் புகழ்வது?

ஆகவே எதிர்கால வலையமைப்பை வகுப்போர் சில கடமைகளை விடாது பற்ற வேண்டும் என்று கருதுகிறோம். கட்டுப்பாட்டு மென்பொருள் ஒன்றாயின்றிப் பல இடங்களில் பிரதிகளாக இயங்க வேண்டும். தலைமையின் குரல் நின்றுபோனால், கடைசியாகப் பெற்ற கட்டளையின்படி கோபுரம் தொடர்ந்து பணிபுரிய வேண்டும். தனித்து விடப்பட்ட கோபுரம், தன் எல்லைக்குள் உள்ளோர்க்கேனும் பேச்சு வசதி அளிக்க வேண்டும். ஆபத்துக் காலப் பணியாளர்க்கென இத்தகைய ஏற்பாட்டுக்கு உலகப் பொது விதிகளில் 2016 முதலே இடம் உண்டு. பழுது நீக்குவோர்க்கு வேறொரு தனி வழி எப்பொழுதும் திறந்திருக்க வேண்டும். இவையெல்லாம் செலவு பிடிப்பவை. நல்ல நாளில் இவற்றால் யாதொரு பயனும் கண்ணுக்குப் புலப்படாது. அதனாலேயே இவற்றை முதலில் வெட்டிக் குறைக்க மனம் தூண்டும்.

கடிவாளம் யார் கையில் என்பதும் எண்ணத் தக்கது. மென்பொருளால் ஆளப்படும் வலையமைப்பில், ஒரே கோபுரத் தொகுதியை வரப்பிட்டுப் பல பாத்திகளாகப் பிரித்தல் இயலும். ஒரு பாத்தி மருத்துவ ஊர்திகளுக்கு, ஒன்று தொழிற்சாலைகளுக்கு, மற்றொன்று பொதுமக்களுக்கு. நீர் குறைந்த நாளில் எந்தப் பாத்திக்கு முதலில் பாய்ச்சுவது என்பதைப் பொறியியல் மட்டும் தீர்மானிக்க முடியாது. அது நீதியைச் சார்ந்த கேள்வி. இணையத்தில் செய்திகளைப் பாகுபாடின்றி நடத்த வேண்டும் என்னும் கொள்கையை நம் அரசாங்கம் 2018இல் ஏற்றுக்கொண்டது. சில தனிச் சேவைகளுக்கு அதில் விலக்கும் அளித்தது. அவ்விலக்கின் எல்லை எதுவரை என்பது இனி மென்பொருளில் எழுதப்படும் சில வரிகளாக அமையும். பொதுமக்கள் அறியாத இடத்தில் அவ்வரிகள் எழுதப்படுதல் தகாது.

இத்துறையில் நம் நாட்டுக்கு நல்வாய்ப்பும் இருக்கிறது. 1984இல் நிறுவப்பெற்ற சி-டாட் என்னும் தொலைத்தொடர்பு வளர்ச்சி மையம், குளிர்சாதன வசதியின்றியே நம் வெயிலிலும் புழுதியிலும் இயங்கும் சிறு இணைப்பகங்களைச் செய்து, கிராமங்களுக்குத் தொலைபேசியைக் கொண்டு சென்றது. சென்னை ஐ.ஐ.டி.யின் தலைமையில் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய ஐந்தாம் தலைமுறைச் சோதனைக் களம் 2022 மே மாதத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. 2025 செப்டம்பரில், சி-டாட் உருவாக்கிய மையப் பகுதியையும் உள்நாட்டில் செய்த வானொலிக் கருவிகளையும் கொண்ட நான்காம் தலைமுறைச் சேவையைப் பொதுத்துறை நிறுவனமான பி.எஸ்.என்.எல். தொடங்கிற்று. கட்டளையிடும் முறை திறந்ததாக இருக்குமாயின், பெரிய தொழிற்சாலை இல்லாத ஓர் ஊரிலுள்ள பொறியியல் மாணவரும், நெரிசலைத் தணிக்கும் மென்பொருள் ஒன்றை எழுதிச் சோதனைக் களத்தில் ஓட்டிப் பார்க்க இயலும். கருவி செய்யப் பெருமுதல் வேண்டும். மென்பொருள் எழுதப் பயிற்சியும் பொறுமையும் முதன்மையாக வேண்டும். இவை நம் இளைஞரிடம் குறைவின்றி உள்ளன.

நாம் கூறியதைத் தொகுத்துக் காண்போம். சுமக்கும் வேலையையும் ஆளும் வேலையையும் பிரித்தது சிறந்த சிந்தனை. அதனால் வானம் என்னும் பொதுச் சொத்தைச் சிக்கனமாகவும் ஒழுங்காகவும் பயன்படுத்த முடியும். ஆனால் ஆளும் அறிவை ஒரேயிடத்தில் குவிப்பது அச்சிந்தனையின் கட்டாய முடிவன்று. நாடு முழுவதையும் காண வேண்டிய தீர்மானம் தலைமையிடத்தில் இருக்கட்டும். நொடியில் முடிய வேண்டியதும், உயிரைக் காக்க வேண்டியதும் கோபுரத்தின் அடியிலேயே இருக்கட்டும். அடுத்த முறை நம் வண்டி ஒரு சிறு நிலையத்தில் ஒதுங்கி நிற்கும்போது, கையில் கொடியுடன் நடைமேடையில் நிற்கும் நிலைய அதிகாரியைச் சற்றுக் கவனித்துப் பார்ப்போம். தலைமையின் குரல் கேளாத வேளையிலும் தம் கடமையை அறிந்து நிற்பவர் அவர். நாளைய கோபுரங்களும் அவ்வாறே அமைய வேண்டும்.